அங்கீகரிக்கப்பட்ட நான்கு வாக்கியங்கள்

கேட்டு வந்தவரிடம் இல்லையென்று சொல்லலாகாது என்பது கருணாசேது அறக்கட்டளையில் எல்லோரும் கடைப்பிடித்த விதி. அது எந்தச் சுற்றறிக்கையிலும் இடம்பெற்றதல்ல. வேலைக்குச் சேரும்போது கையெழுத்திட வேண்டிய பதினேழு தாள்களில் தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஓர் உணவுவிடுதியின் மேல் மூன்றாம் மாடியில் இயங்கிய அந்த அலுவலகத்தில் காலடி வைத்த ஒரு வாரத்துக்குள் எவரும் அதைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். தேயிலை தீர்ந்துபோன நாளில் 'சாயா வந்துகொண்டிருக்கிறது' என்பார்கள். குழாய் வறண்ட நாளில் கழிப்பறைக் கதவில் 'நீர் வரவிருக்கிறது' என்று அச்சிட்ட அட்டை தொங்கும். அந்த அட்டை தொங்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பழைய வள்ளல்களும் இல்லையென்று சொன்னதில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர்கள் கொடுத்துவிட்டார்கள், ஆகவே அந்தச் சொல்லுக்கு அவர்களிடம் வேலை இருக்கவில்லை. கருணாசேது இந்த அறத்தை ஒரு படி முன்னே கொண்டுபோயிருந்தது. கொடுப்பதையும் சொல்வதையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்து, கொடுப்பது நின்றுபோன பிறகும் சொல்லாமை மட்டும் தடையின்றி நடந்தேறும்படி அது ஏற்பாடு செய்திருந்தது.

அனந்தலக்ஷ்மி அங்கே பதினொரு ஆண்டுகளாகப் பயனாளித் தொடர்பு உதவியாளர். கரமனையிலிருந்து பேருந்தில் வருவாள். மேசையின் மேல் ஒரு தொலைபேசி, ஒரு பெயர்ப்பட்டியல். பொன்முடிச் சாலைக்கு மேலே தேயிலைத் தோட்டங்களில் வேலைசெய்யும் தமிழ்க் குடும்பங்களில் எட்டுப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவர்கள் கல்லாற்றுக்கு இறங்கி வந்து நிற்பார்கள். அறக்கட்டளையின் வெள்ளை வண்டி அவர்களை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குள் நகரத்து ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்புக்குச் சேர்க்கும். மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடும். முந்தின நாள் மூன்று மணிக்கு எட்டுப் பேரையும் தொலைபேசியில் அழைத்து 'நாளைக்கு வண்டி வரும்' என்று சொல்வது அனந்தலக்ஷ்மியின் வேலை. எதற்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று அவளே முதலில் வியந்ததுண்டு. ஒன்பது கிலோமீட்டர் ஜீப்பில் குலுங்கி இறங்குகிறவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு தேவை என்பது பிறகு புரிந்தது. அவள் முகத்தை எட்டுப் பேரில் யாரும் பார்த்ததில்லை. தளவாயின் மனைவி மாடம்மாள் அவளுக்குப் 'போனம்மா' என்று பெயரிட்டிருந்தாள். மலையில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வண்டியின் இரு பக்கமும் 'கடல் கடந்த தோழமை நாட்டு மக்களின் அன்பளிப்பு' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. வண்டியும் டீசலும் சம்பளமும் அந்த நாட்டு அரசின் உதவிப் பணத்தில் வந்தவை. ஒரு திங்கட்கிழமை காலை, அந்த அரசு தன் செலவுகளைக் குறைத்துக்கொள்ளத் தீர்மானித்ததாகவும், இந்த அஞ்சல் கிடைத்த கணத்திலிருந்து எல்லாப் பணிகளையும் நிறுத்த வேண்டும் என்றும் ஒரு மின்னஞ்சல் வந்தது. மேல் விவரங்கள் பின்னர் அனுப்பப்படும் என்றது அதன் இரண்டாவது வரி. அவை கடைசிவரை வரவேயில்லை. அந்த வகையில் கருணாசேதுவின் விதி கடலுக்கு அப்பாலும் செல்லுபடியானது என்று கொள்ளலாம்.

பத்து மணிக்குக் கூடிய அவசரக் கூட்டம் இரண்டு மணிவரை நீண்டது. தலைமை தாங்கியவர் இயக்குநர் ஸ்ரீகண்டன். நகரத்தின் கோட்டைக்குள் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் தமிழை வீட்டுக்கு வெளியே அவ்வளவாக எடுத்துச் செல்வதில்லை; வெளியே மலையாளம்தான். அனந்தலக்ஷ்மியிடம் மட்டும் சிறிது செலவழிப்பார். எட்டு நோயாளிகளை நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஏழாவதாக இருந்தது. முதலாவது, நிகழ்ந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்பது. நான்கு மணிநேரமும் முதலாவதிலேயே கழிந்தது. 'நிறுத்தம்' என்றால் மனம் உடையும். 'இடைநிறுத்தம்' என்றாலும் உள்ளே நிறுத்தம் ஒளிந்திருக்கிறது. இறுதியில் 'மாற்றக் கட்டம்' என்பது ஒருமனதாக ஏற்கப்பட்டது. எதிலிருந்து எதற்கு மாற்றம் என்று வினவியவர் எவருமிலர்.

திட்ட அலுவலர் சிபி, முப்பது வயது, எதையும் வண்ணக் கட்டங்களாக்கிக் காட்டுவதில் தேர்ந்தவன். பயனாளிகளிடம் பேசுவதற்கு நான்கு வாக்கியங்களை அரைமணி நேரத்தில் எழுதிக் கொண்டுவந்தான். இயக்குநர் ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்திட்டார். அனந்தலக்ஷ்மி அவற்றைத் தமிழாக்கினாள்.

உங்கள் தேவையை நாங்கள் முழுமையாக உணர்ந்திருக்கிறோம். சேவை தற்சமயம் ஒரு மாற்றக் கட்டத்தில் இருக்கிறது. வண்டி நல்ல நிலையில் இருக்கிறது. நாங்கள் என்றும் உங்களோடு தொடர்பில் இருப்போம்.

"நாலும் சத்தியம், சேச்சி," என்றான் சிபி, அவளுக்குப் புரிய வேண்டும் என்று தன் மலையாளத்தில் தமிழைக் கலந்து. "ஒண்ணுகூடக் கள்ளம் கிடையாது. வேணும்னா கோர்ட்டில் வெச்சுப் பார்க்கலாம்."

"நாளைக்கு வண்டி வருமான்னு கேட்டா எதைச் சொல்றது சார்?" என்று அனந்தலக்ஷ்மி இயக்குநரைக் கேட்டாள்.

"நாலில் ஏதாவது ஒண்ணு."

"நேரா கேட்டா?"

"நேரா கேக்கறவாளுக்கு மூணாவது," என்றார் ஸ்ரீகண்டன். "அதுதான் இருக்கறதிலேயே நேரான வாக்கியமாக்கும்."

மூன்று மணிக்கு அவள் தொலைபேசியை எடுத்தாள். தளவாயின் பெயர் பட்டியலில் முதலில் இருந்தது. ஆகவே மாடம்மாளின் குரல்தான் எப்போதும் முதலில் வரும். பின்னணியில் கொழுந்து நிறுக்கும் இடத்தின் கூச்சல் கேட்டது.

"சொல்லுங்க போனம்மா. நாளைக்கு அஞ்சு மணிதானே?"

அனந்தலக்ஷ்மி முதல் இரண்டு வாக்கியங்களையும் வாசித்தாள். 

"எனக்கு ஒண்ணும் விளங்கலியே அம்மா. வண்டிக்கு ஏதாச்சும் கேடா?"

"வண்டி நல்ல நிலையில் இருக்கிறது."

"நல்ல வேளை! நான் பயந்தே போயிட்டேன்," என்று மாடம்மாள் சிரித்தாள். "அப்ப சரி. வச்சிருதேன், மேஸ்திரி முறைக்கான்."

எட்டு அழைப்புகளும் ஏறக்குறைய இதே இடத்தில், இதே நிம்மதியோடு முடிந்தன. அனந்தலக்ஷ்மி தொலைபேசியைக் கீழே வைத்தாள். மகள் ஜானவியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி இன்னும் பத்து நாளில் என்பது, யாரும் கேட்காமலே, அவள் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குக் கல்லாற்றுச் சாயாக்கடையிலிருந்து மாடம்மாள் அழைத்தாள். நான்கரை மணிநேரமாக எட்டுப் பேரும் ஆற்றோரத்தில் நிற்கிறார்களாம். வழியில் மரம் விழுந்து கிடக்கிறதா என்று கேட்டாள். அனந்தலக்ஷ்மி நான்காவது வாக்கியத்தை வாசித்தாள். பத்து மணிக்கு மாடம்மாள் கம்மலைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஒரு ஜீப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்குள் வராதவரின் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். அன்றைக்குத் தளவாய்க்குக் கிடைத்தது மிஞ்சிய பாதி நேரம்.

வண்டியோ உண்மையிலேயே நல்ல நிலையில்தான் இருந்தது. உதவி நாட்டுச் சொத்தை என்ன செய்வது என்று அந்த நாடு தெரிவிக்கும்வரை அது ஓடும் நிலையில் பேணப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே ஓட்டுநர் மகாராஜா நாள்தோறும் காலை எட்டு மணிக்குக் கட்டடத்தின் பின்புறம் வண்டியை முடுக்கி, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, அணைத்து, குறிப்பேட்டில் 'பூஜ்யம் கிலோமீட்டர்' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதற்கான டீசல் சொத்துப் பராமரிப்பு என்ற தலைப்பில் வந்தது. அந்தத் தலைப்பில் மின்னஞ்சல் கைவைக்கவில்லை.

மகாராஜா வள்ளியூர்க்காரர், இருபது ஆண்டுகளாக மலைச்சாலை ஓட்டியவர். நான்காம் நாள் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"ஒரு மாசம் நிக்க வச்சு உறுமவிடுத டீசலச் சேத்து வச்சா கல்லாறு வரைக்கும் போயிரலாம் சார். திரும்பி வாரதப் பத்தி பொறவு யோசிக்கலாம்."

"அண்ணா, அது வேற தலைப்பு," என்றான் சிபி.

"எஞ்சினுக்குத் தலைப்பெல்லாம் தெரியாது தம்பி. நின்னு உறும டீசல் இருக்கு, நோயாளியை ஏத்த டீசல் இல்..."

சிபி கையை உயர்த்தினான். மகாராஜா வாயை மூடிக்கொண்டார். பாதியில் நின்ற சொல் அறையில் சற்று நேரம் கிடந்தது. பிறகு எல்லோரும் அதைச் சுற்றி நடந்து தங்கள் இடங்களுக்குப் போனார்கள்.

"ஆனையைக் கட்டிப்போட்டுத் தீனி போடுதாப்புல இருக்கு, சேச்சி," என்று படியிறங்கும்போது மகாராஜா அனந்தலக்ஷ்மியிடம் முணுமுணுத்தார். "ஆனையாவது பிளிறும். இது பத்து நிமிசம் அழுதுட்டுப் படுத்துக்கிடுது."

அந்த வெள்ளிக்கிழமையும் வண்டி போகவில்லை. அடுத்த செவ்வாய்க்கு மாடம்மாள் மூக்குத்தியைக் கொடுத்து ஜீப் பிடித்தாள். மறுநாள் புதன்கிழமை பகல், கீழே உணவுவிடுதியில் பரோட்டா போடும் மகேஷ்குமார் மாவு படிந்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே மூன்று மாடி ஏறி வந்தான். மாடம்மாளின் தம்பி. இத்தனை ஆண்டுகளாகத் தன் தலைக்கு மேலேதான் போனம்மா இருக்கிறாள் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது.

"மச்சானுக்குக் கால் ரெண்டும் வீங்கிட்டு சார். படுத்தா மூச்சு முட்டுது," என்று இயக்குநரின் முன் நின்றுகொண்டே சொன்னான். "எங்க முதலாளி ஸ்டோர் ரூமை ஒழிச்சுத் தாரேன்னு சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இங்கேருந்து ஒரு பஸ்ஸு. ஆனா ஒரு மாசம் தோட்டத்து வேலைக்குப் பேர் போடலேன்னா அக்காவுக்குத் தோட்டத்துல குடுத்த லயத்து வீடு போயிரும். இருபத்தாறு வருசமா இருக்க வீடு, அதான் அக்கா யோசிக்கா. வண்டி வராதுன்னு நீங்க சொன்னா நாளைக்கே ரெண்டு பேரையும் இறக்கிக் கொண்டுவந்திருவேன். வரும்னா வீட்டை எதுக்கு விடணும்? வருமா, வராதா? ஒரு வாக்கு போதும் சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

ஸ்ரீகண்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கண்கள் ஈரமாயிருந்ததை அனந்தலக்ஷ்மி கண்டாள். அது நடிப்பன்று, தம்முடைய பேச்சு தொடங்கப்போகும் தருணங்களில் அவர் உண்மையாகவே கலங்கிவிடுவார்.

"உக்காருங்கோ மகேஷ்குமார். நீங்க ஒண்ணு மனசிலாக்கணும். வருமா வராதாங்கறது ரொம்பச் சின்னக் கேள்வி. பதினெட்டு வருஷமா இந்த வாயால ஒருத்தரையும் நான் மறுத்ததில்லை. எத்தனை பேர் வந்திருப்பா! கையில ஒண்ணுமே இருந்திருக்காது. ஆனா வெறுங்கையோட திரும்பினோம்னு யாராவது சொல்லட்டும் பார்ப்போம். ஏன்? நம்பிக்கையைக் கொடுத்தனுப்பினேன். ஏழைகிட்ட நம்பிக்கையையும் பிடுங்கிட்டா மிச்சம் என்ன? டீசல் தீரும், மருந்து தீரும், எந்த ராஜ்யத்துப் பணமும் ஒருநாள் தீரும். நம்பிக்கைக்கு மட்டும் ஒரு செலவும் இல்லையாக்கும். அதனால்தான் அதை நாம தாராளமா கொடுக்க முடியறது."

தாம் சொன்னது தமக்கே பிடித்துப்போனதால் அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

மகேஷ்குமார் வெளியே வந்து படிக்கட்டின் மேல்முனையில் நின்றான். அனந்தலக்ஷ்மி அவன் பின்னாலேயே வந்திருந்தாள். ஏன் வந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"சேச்சி, நீங்களாவது சொல்லுங்க."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிபி தலை நிமிர்ந்தான். வெறுமனே நிமிர்ந்திருக்கலாம். பதினொரு ஆண்டுப் பழக்கம் நாக்கின் அடியில் எங்கோ குடியிருந்தது. அது அவளுக்கு முந்திக்கொண்டது.

"வண்டி நல்ல நிலையில இருக்கு," என்றாள்.

மகேஷ்குமாரின் முகம் தெளிந்தது. தோள்கள் இறங்கின. "அப்ப வரும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டான். "இதச் சொல்லுததுக்கு அந்த சார் எதுக்கு இவ்வளவு சுத்தினாரு? அக்காட்ட இப்பவே சொல்லிருதேன்." படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.

கால்மணி நேரத்தில் செய்தித்தாளில் பொதிந்த நான்கு உளுந்துவடைகள் மேலே வந்தன. பணம் வேண்டாம், பரோட்டா மகேஷ் கொடுக்கச் சொன்னது என்றார் கொண்டுவந்தவர். அனந்தலக்ஷ்மி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மேசை இழுப்பறையில், நான்கு வாக்கியங்கள் எழுதிய தாளின் மேல் வைத்து மூடினாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாடம்மாள் ஜீப் பிடிக்கவில்லை. வரப்போகும் வண்டியை விட்டுவிட்டு ஜீப்புக்கு எதற்குச் செலவழிக்க வேண்டும்? பகல் ஒரு மணிவரை கல்லாற்றில் காத்திருந்தார்கள். தளவாய் பாலத்துக் கட்டையில் மனைவியின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் ஆற்றைப் படமெடுக்கும்போது சற்று நகர்ந்துகொள்ளச் சொன்னதாம், அவர் நகர்ந்துகொண்டாராம். பின்னாளில் மாடம்மாள் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அனந்தலக்ஷ்மி வழக்கம்போல் அழைத்தாள்.

"போனம்மா, இனிமே எங்களுக்கு வண்டி வேண்டாம்மா," என்றாள் மாடம்மாள். குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. "அவுக நேத்து விடியக்காலம் போயிட்டாவ. அடக்கம் முடிஞ்சு இப்பத்தான் எல்லாரும் எறங்கினாவ. நீங்க நாளைக்கு வண்டிய அனுப்பிட்டு, அது எங்களுக்காகச் சும்மா காத்துக் கெடக்கக் கூடாதுன்னுதான் எடுத்தேன்."

அனந்தலக்ஷ்மியின் முன்னால் நான்கு வாக்கியங்கள் இருந்தன. நான்கில் எதுவும் பொருந்தவில்லை. வடையின் எண்ணெய் ஊறி, மூன்றாவது வாக்கியத்தின் வழியே தாளின் பின்புறம் தெரியத் தொடங்கியிருந்தது.

சிபியின் அட்டவணையில் பயனாளியின் நிலையைக் குறிக்க மூன்று கட்டங்களே இருந்தன: சேவை பெறுபவர், மாற்றக் கட்டத்தில் இருப்பவர், தேவை நிறைவுற்றவர். இறப்புக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டுமானால் உதவி நாட்டின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தரும் பிரிவு மூடப்பட்டிருந்தது. சிபி நீண்ட நேரம் யோசித்தான். அவன் கெட்டவனல்லன், ஒருமுறை எழுந்துபோய் முகம் கழுவ முயன்று, நீர் வரவிருந்தமையால் அப்படியே திரும்பிவந்தான். பிறகு தளவாயை மூன்றாவது கட்டத்தில் பச்சை நிறத்தில் பதிவுசெய்தான்.

"இந்தக் காலாண்டில் தேவை நிறைவுற்ற முதல் ஆள்," என்று மாதாந்தரக் கூட்டத்தில் ஸ்ரீகண்டன் பட்டியலைப் பார்த்துச் சொன்னார். பெயரை அவர் வாசிக்கவில்லை. "இக்கட்டான சமயத்திலும் ஒரு நேட்டம், ஒரு சாதனைதானே இது."

மேசையின் மறுகோடியில் மகாராஜா எழுந்து வெளியே போனார். சற்று நேரத்தில் கீழே வண்டி உறுமும் ஓசை கேட்டது. எட்டு மணிக்கானது ஏற்கெனவே முடிந்திருந்தது. அன்று அது இரண்டாம் முறை. குறிப்பேட்டில் அதை அவர் எழுதவில்லை.

ஏழாம் வாரத்தில் ஒரு நல்ல செய்தி வந்தது. திட்டத்தை மூடுவதற்கென்று ஒதுக்கிய தொகையில் விழா என்ற தலைப்பு மட்டும் வெட்டுக்குத் தப்பியிருந்தது. அதை வேறெதற்கும் மாற்றக் கூடாது; செலவழிக்காமலும் விடக் கூடாது. உடனே குழு அமைந்தது. 'நன்றியும் தொடர்ச்சியும்' என்று விழாவுக்குப் பெயர் வைத்தார்கள். கீழே உணவுவிடுதியின் குளிர்பதன அரங்கு ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் பதிவானது. பயனாளிகளை அழைத்துவர வண்டியை அனுப்பலாமா என்ற ஐயத்தைச் சிபி தீர்த்துவைத்தான்: நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் பணி, விழாவுக்குக் கொண்டுவருவது சொத்தைக் காட்சிப்படுத்துவது. ஏழு வாரங்களுக்குப் பிறகு மகாராஜா கல்லாற்றுக்கு வண்டியெடுத்தார்.

விடியலில் வெள்ளை வண்டி வளைவில் திரும்பியதைக் கண்டதும் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விழா என்று திங்கட்கிழமை அனந்தலக்ஷ்மி தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை, ஐந்து மணி, அதே வண்டி, அதே ஓட்டுநர். ஏழு பேரும் ஆஸ்பத்திரிக் கோப்பு, தலையணை, தூக்குவாளிக் கஞ்சி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே ஏறினார்கள். 

அரங்கின் வாசலில் அனந்தலக்ஷ்மி பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வெறுங்காதும் வெறும் மூக்குமாக ஒரு பெண் எதிரே வந்து நின்றாள்.

"போனம்மாதானே? குரல வச்சுக் கண்டுபிடிச்சிட்டேன்," என்றாள். "நான் மாடம்மா."

 மாடம்மாள் தன் பக்கத்தில் நின்ற மெலிந்த பெண்ணை முன்னே தள்ளினாள். கோப்பை மார்போடு அணைத்திருந்த அவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்; முகம் மட்டும் உப்பியிருந்தது.

"இவ ஜெஸ்லின். பக்கத்து லயம். இவ அப்பனுக்கு இன்னைக்குப் பேரு போடணும், அதான் நான் கூட்டிட்டு வந்தேன். ஜீப் பிடிச்சு வாரத்துக்கு ஒரு நாள்தான் போயிட்டு இருந்தா. இனி அதுக்கும் வழி கெடையாது. எனக்கு இனிமே என்ன? இவளுக்காவது வண்டி வருமாம்மா? கேட்டுச் சொல்லுங்க."

"ஆண்ட்டி, இந்த விழா பரிபாடி எப்போ முடியும்?" என்று ஜெஸ்லின் கேட்டாள். "காலை முறை போயாச்சு, ரெண்டாவது முறைக்காவது பதினொன்றரைக்குள்ள ஆஸ்பத்திரியில பேர் கொடுக்கணும். இல்லேன்னா என்னோட கட்டில் போயிரும்."

அதற்குள் ஒலிபெருக்கி உயிர்பெற்றது. சிபி கையசைத்து அனந்தலக்ஷ்மியை மேடைக்கு அழைத்தான். இயக்குநரின் மலையாள உரையைத் தமிழில் பெயர்த்துச் சொல்லும் பொறுப்பு அவளுடையது.

முதலில் திரையில் உதவி நாட்டு அதிகாரி தோன்றினார். நீலக் கழுத்துப்பட்டை, நல்ல சிரிப்பு. இந்த உறவு என்றென்றும் நீடிக்கும் என்றார். ஒளிப்பதிவு இரண்டு மாதம் பழையது. அதில் பேசியவரையும் அவருடைய அரசு வீட்டுக்கு அனுப்பி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. ஆள் நீங்கிய பிறகும் சிரிப்பு மட்டும் பணியில் இருந்தது.

அடுத்து நினைவுப்பரிசுகள். ஒவ்வொரு பயனாளியும் வண்டியில் ஏறும்போது முன்பு எடுத்த புகைப்படம், சட்டமிட்டு. தேவை நிறைவுற்றவரின் குடும்பம் என்று தளவாயின் பெயரை அழைத்தார்கள். மாடம்மாள் மேடையேறி வாங்கிக்கொண்டாள். படத்தில் தளவாய் ஒரு காலைப் படியில் வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடம்மாள் முந்தானையால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தாள். ஒளிப்படக்காரர் இன்னொரு முறை துடைக்கச் சொன்னார். துடைத்தாள்.

பத்தே முக்காலுக்கு ஸ்ரீகண்டன் எழுந்தார். ஒவ்வொரு பத்திக்கும் நிறுத்தி, அனந்தலக்ஷ்மிக்கு இடம் கொடுத்தார்.

"நண்பர்களே, இன்று நாம் எதையும் முடித்துவைப்பதற்காகக் கூடவில்லை. முடிவு என்பது பற்றாக்குறையான மனங்களின் கற்பனை. நிதி என்பது அன்பின் ஒரு வடிவம் மட்டுமே. அன்பு வடிவம் மாறும்போது நாமும் மாறுகிறோம்."

அனந்தலக்ஷ்மி அதைத் தமிழில் சொன்னாள். ஏழு பேரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஜெஸ்லின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வாசலில் நிற்கும் நம் வண்டியைப் பாருங்கள். ஏழு வாரமாக ஒருநாளும் தவறாமல் அதைப் பேணி வந்திருக்கிறோம். பெருமையோடு சொல்கிறேன்: வண்டி நல்ல நிலையில் இருக்கிறது."

அனந்தலக்ஷ்மி அதையும் தமிழில் சொன்னாள். சிபி கைதட்டத் தொடங்கினான். ஏழு நோயாளிகளும் தட்டினார்கள். அவர்கள்தான் மனமாரத் தட்டினார்கள். ஜெஸ்லின் கடிகாரத்திலிருந்து பார்வையை எடுத்தாள். மடியிலிருந்த கோப்பை மூடி, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் தெளிந்தது, தோள்கள் இறங்கின. படிக்கட்டின் மேல்முனையில் ஒருமுறை கண்ட அதே தெளிவு. அரங்கின் பின்வாசலில், தேநீர்த் தட்டோடு, அதே மகேஷ்குமார் நின்றுகொண்டிருந்தான். அவன் அனந்தலக்ஷ்மியைப் பார்க்கவில்லை. அக்காவின் மடியிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்ரீகண்டன் அடுத்த பத்தியைச் சொல்லி முடித்து, அவளுக்காகக் காத்திருந்தார். நம்பிக்கைக்குச் செலவில்லை என்ற பத்தி அது.

அனந்தலக்ஷ்மி ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்கோ," என்றாள். அச்சுத் தமிழ் கழன்று விழுந்து வீட்டுத் தமிழ் வந்திருந்தது. "வண்டி வராது. வர வெள்ளிக்கிழமை வராது, அடுத்த செவ்வாயும் வராது. வாசல்ல நிக்கறதே, அதுவும் உங்களைத் திருப்பிக் கல்லாத்துல விடத்தான், ஆஸ்பத்திரிக்குப் போகாது. பணம் நின்னுபோய் ஏழு வாரமாச்சு. ஜெஸ்லின், கண்ணை முழிச்சுக்கோ குழந்தே. மணி பத்து ஐம்பது. ஓடு, ஆட்டோ பிடி. மகேஷ்குமார், அந்த ஸ்டோர் ரூம் இன்னும் காலியா இருந்தா இவளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கோ. மத்தவாளும் இன்னிக்கே ஒரு வழி பாருங்கோ. எங்களை நம்பி ஒருத்தரும் நிக்காதீங்கோ."

சிபி ஓடிவந்து ஒலிபெருக்கியை அணைத்தான். ஸ்ரீகண்டன் தம் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குவளையைத் தேடினார். பின்வாசலில் தட்டு ஒன்று மேசையில் வைக்கப்படும் ஓசை கேட்டது. ஜெஸ்லின் எழுந்துவிட்டாள், மகேஷ்குமார் அவளுடைய தலையணையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வாசலுக்கு வெளியே மகாராஜாவின் குரல் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டது. பிறகு அதை வேண்டாமென்று அனுப்பியது. அடுத்த நொடி வெள்ளை வண்டி உறுமியது. அன்று அது நின்ற இடத்தில் நிற்கவில்லை.

மாடம்மாள் மட்டும் எழவில்லை. படத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள்.

"போனம்மா," என்றாள். "அன்னைக்கு, அவுக இருக்கையில நான் கேட்டேனே. அப்பமும் வண்டி இல்லையா?"

ஒலிபெருக்கி அணைந்திருந்தது. ஆனாலும் அரங்கின் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

"இல்லை, மாடம்மா," என்றாள் அனந்தலக்ஷ்மி. "அப்பவும் இல்லை."